மெகாடெத் ஆல்பங்கள்: எதில் தொடங்கி எதை எப்படிக் கேட்பது

அமெரிக்காவின் த்ராஷ் மெட்டல் (வேகமும் கனமும் கொண்ட ராக்) இசைக்குழுவான மெகாடெத் 1985 முதல் 2022 வரை வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் 16. புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் முதல் ஆல்பத்தைப் போட்டுவிட்டு, "என்னய்யா இது, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருக்கிறது" என்று மூடிவிடுகிறார்கள். மீதிப் பேர் 'சிம்ஃபனி ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' கேட்டுவிட்டு, மெகாடெத் என்றால் இந்த நிதான வேகம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே பாதையில் வந்த கோளாறு. இந்த இசைக்குழுவை ஆண்டு வரிசையில் கேட்கக் கூடாது. குழுவின் தலைவரும் பாடகரும் கிட்டார் கலைஞருமான டேவ் மஸ்டெய்ன் பக்கத்தில் எந்தக் கிட்டார் கலைஞர் நின்றார், பின்னால் டிரம்ஸில் யார் உட்கார்ந்தார் என்று பார்த்துக் கேட்க வேண்டும். பாடல் எழுதியது பெரும்பாலும் மஸ்டெய்ன்தான். ஆனால் ஒவ்வொரு ஆல்பத்தின் நடையையும் முடிவு செய்தது உடன் இருந்தவர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த ஆல்பத்தைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல வேண்டாம்.

எந்த மிக்ஸ் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

மிக்ஸ் என்பது தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்ப்பது. 2004இல் மஸ்டெய்ன் தன் கேப்பிடல் இசை நிறுவனக் காலத்து ஆல்பங்களை எடுத்து, அசல் நாடாக்களிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டார். உறையில் ரீமாஸ்டர் என்று போட்டிருந்தாலும் அது வெறும் ஒலி துலக்கல் இல்லை. டிரம்ஸின் சத்தம், குரல் நிற்கும் இடம், எதிரொலியின் அளவு எல்லாமே மாறியிருக்கும். ஸ்ட்ரீமிங்கில் தேடினால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது இந்தப் பதிப்புதான்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி பாடல் எண்ணிக்கை. அசல் 'பீஸ் செல்ஸ்... பட் ஹூஸ் பையிங்?' ஆல்பத்தில் 8 பாடல்கள். 'ஸோ ஃபார், ஸோ குட்... ஸோ வாட்!' அதுவும் 8. 'ரஸ்ட் இன் பீஸ்' 9, 'கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்' 11, 'யூத்தனேசியா' 12. பட்டியலில் இதற்கு மேல் நான்கு கூடுதலாக இருந்து, கடைசியில் டெமோ (முன்னோட்டப் பதிவு) அல்லது வேறு மிக்ஸ் என்று ஒட்டியிருந்தால் அது 2004.

இதில் அதிகம் அடிவாங்கியது 'ரஸ்ட் இன் பீஸ்'. சில பாடல்களின் பழைய குரல் பதிவு கிடைக்காததால், மஸ்டெய்ன் புதிதாகப் பாடிச் சேர்த்தார். 'டேக் நோ பிரிசனர்ஸ்', 'ஃபைவ் மேஜிக்ஸ்', 'லுக்ரீஷியா' மூன்றிலும் அது தெரியும். 1990 கிட்டாருக்கு மேல் 14 வருடம் மூத்த குரல். தெரியாமல் கேட்பவருக்கு, ஒரே ஆல்பத்தில் பாடகர் நடுநடுவே ஏன் களைத்துப் போகிறார் என்று குழப்பமாக இருக்கும். இதற்கு நேர்மாறு 'ஸோ ஃபார், ஸோ குட்'. அசலில் எதிரொலி குளம் மாதிரி தேங்கி நிற்கும். 2004 மிக்ஸ் அந்தத் தண்ணீரை இறைத்து விட்டது. ஆக, கண்ணை மூடிக்கொண்டு பழையதுதான் நல்லது என்றும் சொல்ல முடியாது. 'ரஸ்ட்', 'பீஸ் செல்ஸ்', 'கவுண்ட்டவுன்' மூன்றுக்கும் அசல். 'ஸோ ஃபார்' ஒன்றுக்கு மட்டும் 2004. என் கணக்கு இது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. 2004 மிக்ஸ் சத்தம் கூடுதல். காது எப்போதும் சத்தம் கூடியதையே நல்லது என்று சொல்லும். அதனால் புதிய மிக்ஸை ஓடவிட்டு, ஸ்னேர் டிரம் பழையதில் எந்த அளவுக்குக் கேட்கிறதோ அந்த அளவு வரும்வரை ஒலியைக் குறையுங்கள். பிறகு 30 விநாடித் துண்டுகளாக மாறி மாறிக் கேளுங்கள். முழுப் பாடலாகக் கேட்டால் முதலாவது எப்படி இருந்தது என்பது மறந்துபோகும்.

பிளேயரில் பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். த்ராஷ் மெட்டலில் வலது கை உள்ளங்கையால் கம்பியை அழுத்தி வெட்டுகிற சத்தம்தான் உயிர். பேஸ் பூஸ்ட் போட்டால் அந்த வெட்டு மழுங்கி 'தம்தம்' என்று ஆகிவிடும். ஒரு பாடலின் வாலில் அடுத்ததன் தலையைக் கலக்கும் கிராஸ்ஃபேட் வசதியும் வேண்டாம்.

முதலில் 'ரஸ்ட் இன் பீஸ்'

1990 செப்டம்பரில் வந்தது. மஸ்டெய்ன், பேஸில் டேவிட் எல்லெஃப்சன், கிட்டாரில் புதிதாகச் சேர்ந்த மார்ட்டி ஃப்ரீட்மேன், டிரம்ஸில் முன்பு இதே குழுவில் டிரம்ஸ் டெக்னீஷியனாக இருந்த நிக் மென்ஸா. தயாரிப்பு மைக் கிளிங்க். மொத்தம் ஏறக்குறைய 40 நிமிடம். ஒரே அமர்வில் கேட்டுவிடலாம். துண்டு துண்டாகக் கேட்டால் ருசி போய்விடும்.

முதல் தடவை சும்மா ஓடவிடுங்கள். பாடல் வரிகளைத் தேடாதீர்கள், சோலோ (தனி வாசிப்பு) எது யாருடையது என்று ஆராயாதீர்கள். இரண்டாவது தடவை 'ஹோலி வார்ஸ்... தி பனிஷ்மென்ட் ட்யூ' பாடலை மட்டும் ஹெட்போனில் பிரித்துப் பாருங்கள். ஆறரை நிமிடத்துக்குள் மூன்று வீடுகள் கட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தில் விரல்கள் கம்பிமேல் ஓடுகிற வேகமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு); பாடிக்கொண்டே அதை வாசிப்பது மஸ்டெய்னின் பெரிய வித்தை. இரண்டு நிமிடம் தாண்டியதும் எல்லாம் நின்று, ஃப்ரீட்மேன் ஓர் அக்கூஸ்டிக் கிட்டாரில் அரபுச் சாயல் கொண்ட சிறு இழையை இழைப்பார். அதன் பிறகு வருவது வேறு பாட்டு: நடை பாதியாகக் குறைந்து, கனத்து, நசுக்கிக்கொண்டு நகரும். கடைசியில் வேகம் திரும்புகிறது. அந்தத் திரும்பும் இடத்தில் மென்ஸாவின் கால்களைக் கவனியுங்கள். இவ்வளவு மாற்றத்தையும் தாளம் உடையாமல் தாங்குவது அவர்தான்.

அடுத்து 'ஹேங்கர் 18'. பாட்டுப் பகுதி சீக்கிரமே முடிந்துவிடும். மிச்சம் முழுவதும் இரண்டு கிட்டாரும் மாறி மாறிப் பேசுகிற சண்டை. யார் எது என்று பிரிப்பது இந்த இசைக்குழுவைக் கேட்கக் கற்றுக்கொள்வதில் பாதி வேலை. ஃப்ரீட்மேன் சுரத்தை நேராகத் தொட மாட்டார். கீழே இருந்து இழுத்து, கமகம் மாதிரி வளைத்து, சற்றுத் தாமதமாக வந்து சேருவார். மஸ்டெய்ன் பொறுமையில்லாதவர், ஒரே துணுக்கை நான்கு தடவை சுழற்றி, கோபமாகக் கத்தி முடிப்பார். அழகாக இருந்தால் ஃப்ரீட்மேன், அவசரமாக இருந்தால் மஸ்டெய்ன். பத்தில் எட்டு தடவை இந்தக் குறுக்கு வழி சரியாக வரும்.

'டொர்னேடோ ஆஃப் சோல்ஸ்' சோலோ மூன்று நிமிடம் தாண்டியதும் தொடங்கும், சுமார் ஒரு நிமிடம் ஓடும். அதைப் புகழாதவர் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அடியில் ஓடும் ரிதம் கிட்டாரை யாரும் கேட்பதில்லை. ஒரு தடவை சோலோவைக் காதிலிருந்து தள்ளிவைத்துவிட்டு, கீழே கோர்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எப்படி மாறுகின்றன என்று மட்டும் பின்தொடருங்கள். மெட்டு அவ்வளவு உருக்கமாகக் கேட்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

'டான் பெட்ரோல்' வெறும் பேஸும் டிரம்ஸும் குரலும். பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் 'ரஸ்ட் இன் பீஸ்... போலாரிஸ்' வந்து அறைகிற அறையில் பாதி வலு போய்விடும். மூச்சு வாங்கத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

பிறகு பின்னோக்கி: 'பீஸ் செல்ஸ்'

1986. இங்கே உடன் இருப்பவர்கள் கிட்டாரில் கிறிஸ் போலண்டும் டிரம்ஸில் கார் சாமுவல்சனும். இருவரும் ஜாஸ் ஃப்யூஷன் பக்கமிருந்து வந்தவர்கள், அதுதான் இந்த ஆல்பத்தின் ரகசியம். 'ரஸ்ட்' இரும்புச் சட்டம் போல விறைப்பாக இருக்கும். 'பீஸ் செல்ஸ்' துள்ளும். சாமுவல்சன் ஹை-ஹாட்டில் (டிரம்ஸின் இரட்டைத் தட்டு) செய்கிற சின்னச் சின்ன ஊஞ்சலாட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். அன்றைய த்ராஷ் டிரம்மர்கள் பலர் நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது, இவர் இடுப்பை ஆட்டிக்கொண்டு ஓடுகிறார்.

'வேக் அப் டெட்' தொடக்கப் பாடல். குரல் மிகக் குறைவு, ரிஃப்தான் கதை சொல்கிறது. டைட்டில் பாடலின் பேஸ் முகப்பு, எம்டிவி செய்தி நிகழ்ச்சியின் அடையாள இசையாகப் பல ஆண்டுகள் ஓடியது. அந்த முகப்புக்காக மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். இரண்டாம் பாதியில் வேகம் எடுக்கும் இடம்தான் பாடலின் விலை. 'குட் மோர்னிங்/பிளாக் ஃப்ரைடே' மெதுவாக, சோகமாகத் தொடங்கி ஏமாற்றும். பொறுத்திருங்கள்.

'ஐ எய்ன்ட் சூப்பர்ஸ்டிஷஸ்' என்ற பழைய ப்ளூஸ் பாடல் இந்த ஆல்பத்துக்கு ஒட்டாது. வில்லி டிக்சன் எழுதியது. நல்ல பாட்டு, தவறான வீடு. அதைத் தாண்டிவிட்டு 'மை லாஸ்ட் வேர்ட்ஸ்' போனால் குற்றம் ஒன்றும் இல்லை.

கிட்டார் பழகுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 'வேக் அப் டெட்' ரிஃபை சாதாரண பவர் கோர்டு பிடியில், கையை மேலும் கீழும் நகர்த்தி வாசித்தால் வேகம் வராது, கம்பியில் கீச்சென்று சத்தமும் வரும். நான்கு விரலையும் பங்கு போட்டுக்கொண்டு, ஒரு கோர்டை இரண்டு விரல் பிடித்திருக்கும்போதே பக்கத்துக் கம்பிகளில் அடுத்ததை மற்ற இரண்டு விரல்கள் பிடிக்கும் முறையை மஸ்டெய்ன் ஸ்பைடர் கோர்டு என்கிறார். கை இடம் மாறாது, விரல்கள் மட்டும் சிலந்திக் கால் போல நடக்கும். முதலில் பாதி வேகத்தில், மெட்ரோனோம் வைத்து, டிஸ்டார்ஷன் இல்லாமல் பழகுங்கள். டிஸ்டார்ஷன் தவறுகளை மூடிவிடும், பிறகு அவை விரலிலேயே தங்கிவிடும்.

மூன்றாவது 'கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்'

'ரஸ்ட்' ஆட்கள் அதே நால்வர், 1992. அமெரிக்க ஆல்பம் பட்டியலான பில்போர்டு 200இல் இரண்டாம் இடம் வரை போனது. வேகத்தைக் குறைத்து, பாடல்களைச் சுருக்கி, பல்லவியை முன்னால் கொண்டுவந்தார்கள். மாக்ஸ் நார்மன் தயாரிப்பு மிகச் சுத்தம். ஒவ்வொரு கருவியும் தனித்தனி அறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. சிலருக்கு அதுவே குறை. எனக்கு, இந்த ஆல்பத்தின் ரிதம் கிட்டார் சத்தத்தை மிஞ்சிய ஒன்று மெகாடெத்தில் பிறகு வரவில்லை.

இதை 'ரஸ்ட்'டுக்கு முன்னால் கேட்டால் மெகாடெத் ஒரு கனமான ராக் குழு என்று தோன்றும். பின்னால் கேட்டால், இவ்வளவு வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள் என்பது புரியும். கேட்கும் வரிசை இங்கேதான் வேலை செய்கிறது. 'ஆஷஸ் இன் யுவர் மவுத்' கடைசிப் பாடல். அதில் மட்டும் கட்டை அவிழ்த்துவிடுகிறார்கள். டைட்டில் பாடல், கூண்டில் அடைத்த விலங்குகளைப் பணம் வாங்கிக்கொண்டு சுட விடும் வேட்டையைப் பற்றியது. அதற்காக 1993இல் விலங்கு நல அமைப்பான ஹியூமேன் சொசைட்டியின் ஜெனிசிஸ் விருது கிடைத்தது. 'ஸ்வெட்டிங் புல்லட்ஸ்' பாதி பேச்சு, பாதிப் பாட்டு. மஸ்டெய்னின் குரலைப் பிடிக்காதவர்கள் கூட இதில் சிரித்துவிடுவார்கள், ஏனென்றால் அந்தப் பல்லைக் கடித்த உறுமல் அவருக்கு மட்டுமே பொருந்தும் இடம் இது.

இனி முதல் ஆல்பமும் மூன்றாவதும்

மூன்று ஆல்பங்களும் காதில் பதிந்த பிறகு 1985க்குப் போங்கள். 'கில்லிங் இஸ் மை பிசினஸ்... அண்ட் பிசினஸ் இஸ் குட்!' ஆல்பத்துக்கு நிறுவனம் கொடுத்த பணம் 8,000 டாலர்தான், அதிலும் பாதி பதிவுக்கு வெளியே கரைந்துபோனது. அந்த வறுமை ஒலியில் கேட்கிறது. 2002இல் மறு மிக்ஸ் ஒன்று வந்தது, 2018இல் 'தி ஃபைனல் கில்' என்ற பெயரில் இன்னொன்று. புதிதாகக் கேட்பவருக்கு 2018 போதும். கோபம் குறையாமல் கருவிகள் தெளிவாகக் கேட்கும்.

இதில் 'மெக்கானிக்ஸ்' பாடலை எடுத்து, மஸ்டெய்னின் பழைய குழுவான மெட்டாலிகாவின் 1983 முதல் ஆல்பத்தில் உள்ள 'தி ஃபோர் ஹார்ஸ்மென்' பாடலுக்குப் பக்கத்தில் வையுங்கள். மஸ்டெய்ன் மெட்டாலிகாவிலிருந்து வெளியேற்றப்படும் முன் எழுதிய ஒரே பாட்டுதான் இரண்டும். அவர்கள் வேகத்தைக் குறைத்து, நடுவில் ஒரு பகுதியைச் சேர்த்து ஏழு நிமிடத்துக்கு மேல் நீட்டினார்கள். இவர் அதைச் சுமார் நாலரை நிமிடத்துக்குள் ஓட்டி முடிக்கிறார். பாடலாக அவர்களுடையது மேல். பழிவாங்கலாக இவருடையது மேல்.

'ஸோ ஃபார், ஸோ குட்' 1988 ஜனவரியில், ஜெஃப் யங் (கிட்டார்), சக் பெஹ்லர் (டிரம்ஸ்) இருவரோடு. சறுக்கலான ஆல்பம். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் 'அனார்க்கி இன் தி யுகே' பாடலைத் திரும்பப் பாடியது தேவையே இல்லை. அந்தக் குழுவின் ஸ்டீவ் ஜோன்ஸே வந்து வாசித்தும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் 'இன் மை டார்க்கஸ்ட் அவர்' இருக்கிறது. மெட்டாலிகாவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986இல் இறந்த செய்தி கேட்டதும் மஸ்டெய்ன் எழுதிய இசை. வரிகள் வேறு விஷயத்தைப் பேசினாலும் துக்கம் கிட்டாரில் தங்கிவிட்டது. 'ஹுக் இன் மவுத்' இசைத் தணிக்கைக்கு எதிரானது, எல்லெஃப்சனின் பேஸ் அதில் முன்னால் நின்று வாசிக்கும். இந்த இரண்டும், 'செட் தி வேர்ல்ட் அஃபயர்' பாடலும் போதும்.

1994 முதல் 1999 வரை இறங்குமுகம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. 'யூத்தனேசியா' த்ராஷ் ஆல்பமே இல்லை. அதை ஒப்புக்கொண்டு உட்கார்ந்தால், மெட்டு விஷயத்தில் அவர்களுடைய சிறந்த வேலை. 'ரெக்கனிங் டே', 'அடிக்டட் டு கேயாஸ்', 'அ து லெ மோந்து' மூன்றையும் கேட்டுவிட்டு மறுத்துச் சொல்லுங்கள். 1997இன் 'கிரிப்டிக் ரைட்டிங்ஸ்' இரட்டை முகம். 'ட்ரஸ்ட்' வானொலிக்கு, 'ஷி-வுல்ஃப்' ரசிகர்களுக்கு. 'ஷி-வுல்ஃப்' முடிவில் இரண்டு கிட்டாரும் சேர்ந்து பாடும் பகுதி வரும்வரை நிறுத்த வேண்டாம். 1999இன் 'ரிஸ்க்', பெயருக்கேற்ற விபத்து. 'இன்சோம்னியா' ஒன்றை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். அதன் பிறகு ஃப்ரீட்மேனும் விலகினார்.

2001க்குப் பிறகு

இங்கே பொறுக்கித்தான் கேட்க வேண்டும். 2002இல் மஸ்டெய்னுக்கு இடது கையில் நரம்பு அழுந்தி, கிட்டார் பிடிக்கவே முடியாமல் குழுவைக் கலைத்தார். திரும்பி வந்து செய்த 2004இன் 'தி சிஸ்டம் ஹேஸ் ஃபெயில்ட்' ஆல்பத்தில் போலண்ட் மறுபடி சோலோ வாசித்திருக்கிறார். 'பீஸ் செல்ஸ்' பிடித்தவர்கள் 'கிக் தி சேர்' பாடலில் தொடங்கலாம்.

2009இன் 'எண்ட்கேம்'தான் இந்தக் காலத்தின் உச்சம். ஆண்டி ஸ்னீப் தயாரிப்பு, கிறிஸ் பிராடெரிக் கிட்டார். 'டயலெக்டிக் கேயாஸ்' குரலே இல்லாத துண்டு, அப்படியே 'திஸ் டே வி ஃபைட்!' பாடலுக்குள் பாயும். கிராஸ்ஃபேட் வேண்டாம் என்றது இதற்கும் சேர்த்துத்தான். 2016இன் 'டிஸ்டோப்பியா' இரண்டாவது. பிரேசிலின் கீக்கோ லூரேரோ கிட்டாரிலும் லாம்ப் ஆஃப் காட் குழுவின் கிறிஸ் ஆட்லர் டிரம்ஸிலும் வந்தபோது குழுவுக்குப் புது ரத்தம் ஏறியது. டைட்டில் பாடலுக்கு 2017இல் கிராமி. 2022இல் வந்த 'தி சிக், தி டையிங்... அண்ட் தி டெட்!' மூன்றாவது, டிர்க் வெர்பியூரனின் டிரம்ஸுக்காகவே கேட்கலாம், ஆனால் கொஞ்சம் நீளம். 2013இன் 'சூப்பர் கொலைடர்' கடைசியில், எல்லாவற்றையும் கேட்டுத் தீர்த்த பிறகு.

மஸ்டெய்ன் குரல் பிடிக்கவில்லை என்றால்

பலர் இங்கேதான் நிற்கிறார்கள். மூக்கால் உறுமுகிறார், சுரம் நழுவுகிறது, உண்மைதான். அதற்கு இசையை விட வேண்டியதில்லை. குரல் இல்லாத மூன்றில் தொடங்குங்கள்: 1988இன் 'இன்டு தி லங்ஸ் ஆஃப் ஹெல்', 2009இன் 'டயலெக்டிக் கேயாஸ்', 2016இன் 'கான்கர் ஆர் டை!'. மூன்றும் சேர்ந்தே பத்து நிமிடத்துக்குள்தான். அடுத்த நாள் 'ஹேங்கர் 18', அதில் குரலைவிடக் கிட்டார் அதிகம். அதற்கும் மறுநாள் 'வேக் அப் டெட்'. இந்த வரிசையில் போனால், குரலை ஒரு பாடகரின் குரலாகக் கேட்காமல் இன்னொரு ரிஃபாகக் கேட்கக் காது பழகிவிடும். அதன் பிறகு 'ஹோலி வார்ஸ்' போடுங்கள், அசல் மிக்ஸ், 9 பாடல் உள்ள பதிப்பு.